உப்பு, சூடு, நன்னீர்: குருநகர் மெஷின்களின் கதை

கயிற்றை இழுத்துப் படகின் மெஷின் பிடித்ததும் குருநகர்த் தொழிலாளியின் கண் அதன் பின்பக்கத்துச் சின்னத் துளைக்குப் போகும். அங்கிருந்து தண்ணீர் விசையோடு பீச்சி அடித்தால் உள்ளே எல்லாம் சரி. நூல் போல ஒழுகினால் எங்கோ அடைப்பு. ஒன்றுமே வராவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். தண்ணீரை மேலே ஏற்றும் இம்பெல்லர் என்ற ரப்பர்ச் சக்கரம் வெறுமையில் ஓடினால் சில நிமிடம்கூடத் தாங்காது. அது கிழிந்தால் சிலிண்டர் கொதிக்கும். சிலிண்டர் கொதித்தால் பிஸ்டன் இறுகும். அதன்பிறகு கடலில் இருப்பது முப்பது நாற்பது கிலோ இரும்பும் அலுமினியமும்தான்.

குருநகரின் கடந்த காலத்தைப் பேசுகிறவர்கள் வலையைப் பேசுவார்கள், கத்தோலிக்கரின் யாகப்பர் கோயிலைப் பேசுவார்கள், நோர்வேக்காரரைப் பேசுவார்கள், போரைப் பேசுவார்கள். எல்லாமே பேசவேண்டியவைதான். ஆனால் இந்த ஊரின் கடல்தொழில் கடந்த எழுபது ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதை அறிய இன்னொரு வழியும் உண்டு: சூட்டை எப்படி அடக்கினார்கள் என்று பார்ப்பது. முதலில் பிடித்த மீனின் சூடு. பிறகு மெஷினின் சூடு. இரண்டையும் அடக்கக் கடல் உதவியது. இரண்டையும் கெடுத்ததும் அதே கடலின் உப்புத்தான்.

குருநகரின் பழைய பெயர் கரையூர். யாழ்ப்பாண நகரின் தென்கரையில், பாசையூருக்குப் பக்கத்தில், மண்டைதீவைப் பார்த்தபடி இருக்கிறது. முன்னால் விரிவது பரவைக்கடல். பெயர்தான் கடல், பல இடங்களில் ஆளின் நெஞ்சளவுகூட இல்லை. அடியில் சேறு, சேற்றின்மேல் சாதாளை என்று யாழ்ப்பாணத்தார் சொல்லும் கடற்புல். இந்தத் தண்ணீரில் பாயும் மரக்கோலும் போதும். காற்று இருந்தால் பாய் விரிக்கலாம். இல்லாவிட்டால் மரக்கோலை ஊன்றித் தாங்கிப் போகலாம். களங்கட்டி வலையும் சிறகு வலையும் இறால் கூடும் நண்டு வலையும் இந்த ஆழத்துக்கென்றே உருவான தொழில்கள். கம்புகளை நட்டு வலையைக் கட்டிவிட்டால், வற்று வெள்ளத்தோடு வரும் மீன் தானாக வந்து விழும். அதற்கு வேகம் தேவையில்லை.

வேகம் தேவைப்பட்டது கரைக்கு வந்த பிறகுதான். யாழ்ப்பாணத்து வெயிலில் மீன் அரை நாள் தாங்குவது கடினம். உள்ளூர்ச் சந்தையில் விற்றது போக மிஞ்சியதற்கு உப்பும் வெயிலும்தான் கதி. கருவாடு இங்கே ருசிக்காக மட்டும் பிறந்ததல்ல. ஐஸ் இல்லாத ஊரின் சேமிப்பு முறை அது. அமெரிக்காவின் உறைந்த குளங்களில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து வைக்கச் சென்னைக் கடற்கரையில் 1840களிலேயே ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். ஆனால் அது வெள்ளைக்காரத் துரைமாரின் குடிவகைகளைக் குளிர்விக்கத்தான் வந்தது, மீனுக்கல்ல. 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ரயில்பாதை முழுமையாகி, ஐஸ் செய்யும் இயந்திரங்களும் வந்து சேர்ந்த பிறகே பச்சை மீன் தெற்கே போகும் வழி திறந்தது. பெட்டிக்குள் ஒரு படை மீன், ஒரு படை உடைத்த ஐஸ் என்று அடுக்கி ரயிலிலும் பின்னர் லொறியிலும் அனுப்பினார்கள். ஒரு நாள் கழித்துச் சந்தைக்கு வரும் மீனுக்கும் விலை கிடைக்கும் என்றானதும் கூடுதலாகப் பிடிக்கும் ஆசை வந்தது. கூடுதலாகப் பிடிக்கத் தூரம் போகவேண்டும்; தூரம் போக மெஷின் வேண்டும்.

1950களில் ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் நிபுணர்கள் இலங்கைக்கு வந்து உள்ளூர்ப் படகுகளில் இயந்திரம் பூட்டிப் பார்த்தார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அரசு, கடனும் மானியமுமாக, 28 அடி நீளமுள்ள மூன்றரைத் தொன் படகுகளைத் தரத் தொடங்கியது. உள்ளே டீசல் இயந்திரம். வடகரையில் மயிலிட்டி போன்ற துறைகள் இந்தப் படகுகளால் நிமிர்ந்தன. அதே காலத்தில் நைலோன் வலை வந்தது. பின்னர் பைபர் படகும் அதன் பின்பக்கத்தில் தொங்கும் சிறிய மெஷினும் வந்தன. 1983 வாக்கில் நாட்டின் கடல்மீனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்தே போனது.

இந்த மாற்றத்தில் நோர்வேயின் பங்கு தனிக்கதை. 1956இல் நோர்வே போய்ச் சேர்ந்த யாழ்ப்பாணத்தவர் அன்ரனி இராஜேந்திரம். அந்த நாட்டுக்குப் போன முதல் தமிழர் அவர் என்றுதான் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். மீன்பிடித் தொழில்நுட்பம் படித்தார், அங்கேயே மணம் முடித்தார், நோர்வே நண்பர்களைத் திரட்டினார். நோர்வேயின் மதுவிலக்கு இயக்கத்து இளைஞர்கள் திரட்டிய பணத்தோடு 1960களின் பின்பாதியில் சீநோர் என்ற மீன்பிடித் திட்டம் யாழ்ப்பாணத்தில் வேர்விட்டது. காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. குடிக்காதே என்று பிரசாரம் செய்கிறவர்களின் பணம், கள்ளுக்குப் பேர்போன பனங்காட்டு மண்ணில் வந்து படகாக மிதந்ததில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போன யாழ்ப்பாண இளைஞர்கள் பலர், பின்னர் நோர்வேயின் வடகோடி மீன் ஆலைகளில் கத்தி பிடித்தார்கள். இன்றைய நோர்வேத் தமிழ்ச் சமூகத்தின் தொடக்கம் அங்கேதான்.

படகின் பின்னால் தொங்கும் மெஷினின் பூர்வீகத்திலும் ஒரு நோர்வேக்காரர் இருக்கிறார். 1877இல் நோர்வேயில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஓலே எவின்ரூட், 1909இல் மில்வாக்கியில் தன் வெளிமெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏரியின் அக்கரையிலிருந்து காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு துடுப்புப் போட்டு வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த எரிச்சலில் பிறந்ததாம் யோசனை. எவ்வளவு உண்மையோ. ஆனால் சூட்டில் கெடுகிற சரக்கை வேகமாகக் கரைசேர்க்க வேண்டும் என்ற அந்தக் கவலையைக் குருநகரில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. குருநகருக்குப் பழக்கமான யமஹா தன் முதல் வெளிமெஷினை 1960இல்தான் செய்தது.

இந்த மெஷினின் குளிர்விக்கும் வழி எளிமையானது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் அடிப்பாகத்தில் பக்கவாட்டில் சில கீறல் வாய்கள். அவற்றின் வழியே கடல்நீர் உள்ளே போகும். மேலே இருக்கும் இம்பெல்லர் அதைக் குழாயில் ஏற்றும். சிலிண்டரைச் சுற்றியுள்ள ஓடைகளில் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு சேர்ந்து அது கடலுக்கே திரும்பும். அதில் ஒரு சிறு பங்குதான் பின்பக்கத் துளையில் வெளியே தெரிவது. கார் மெஷினில் ஓடும் தண்ணீர் அந்தக் காருக்கே சொந்தம், திரும்பத் திரும்பச் சுற்றும். இதிலோ ஒவ்வொரு கணமும் புதுக் கடல்.

நோர்வேயின் குளிர்ந்த கடலில் இதற்குச் சிக்கல் குறைவு. பரவைக்கடலில் நிலைமை வேறு. மதியத்தில் தண்ணீரே முப்பது பாகைக்கு மேல் சூடாகிக் கிடக்கும். மழையில்லாத மாதங்களில் ஆழமில்லாத பகுதிகள் ஆவியாகி, உப்பு பெருங்கடலையும் மிஞ்சும். சாதாளை வந்து கீறல் வாயை மூடும். சேற்றில் மெஷினின் வால் தட்டினால் மணல் கலந்த குழம்பு உள்ளே ஏறி இம்பெல்லரின் இறக்கைகளைத் தேய்க்கும். ஆழம் குறையும்போது மெஷினைப் பாதி தூக்கி ஓட்டுவது இங்கே சகஜம். அப்போது வாய் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை உறிஞ்சும். கடலில் பழகியவன் ஓட்டத்தைக் குறைத்து மரக்கோலை எடுப்பான். பழகாதவன் கரைக்கு வந்து மெக்கானிக்கைத் தேடுவான்.

உப்பு இரண்டு விதமாக வேலை செய்கிறது. சூடான சுவரில் படும் கடல்நீர் தன்னுள் கரைந்திருக்கும் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் அங்கே படியவிடும். அதனால்தான் கடல்நீரில் நேரடியாகக் குளிரும் இயந்திரங்களை மிதமான சூட்டிலேயே வைத்திருக்கும்படி அமைக்கிறார்கள். தெர்மோஸ்டாட் திறப்பது ஐம்பது பாகையை ஒட்டி. இரண்டாவது இன்னும் கள்ளத்தனமானது. கரைக்கு வந்து மெஷினை நிறுத்தியதும் உள்ளே நின்ற நீர் சூட்டில் வற்றும், உப்பு மட்டும் எஞ்சும். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு நாள் எஞ்சுவது ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் சேர்ந்தால் ஓடைகள் கல்லாகிவிடும். பிறகு உளியும் கம்பியும் அமிலமும் கொண்டு திறக்கவேண்டும். அலுமினியம் ஏற்கெனவே அரித்திருந்தால், அடைப்பை எடுத்த இடத்தில் ஓட்டை தெரியும்.

மண்ணெண்ணெய் இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்கியது. இலங்கையில் பெற்றோலைவிட மண்ணெண்ணெய் நெடுங்காலம் மலிவு, எனவே சிறுபடகுகளின் மெஷின் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும் வகை. பெற்றோலில் பிடித்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மண்ணெண்ணெய் நன்றாக எரிய மெஷின் போதிய சூட்டில் இருக்கவேண்டும். உப்புப் படியாமலிருக்க அளவுக்கு மேல் சூடாகவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் காப்பது தெர்மோஸ்டாட். அது அடைத்துக்கொண்டு தொல்லை தருகிறது என்று கழற்றி எறிகிறவர்களும் உண்டு. மெஷின் சூடாவது நிற்கும், உண்மைதான். ஆனால் பாதி எரிந்த எண்ணெய் பிளக்கில் கரியாக அப்பிக்கொள்ளும், அடுத்த நாள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோகும்.

மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் துத்தநாகக் கட்டியைப் பலர் கவனிப்பதில்லை. அது கரைவதற்கென்றே வைத்தது. கடல்நீர் அரிக்க வேண்டிய உலோகத்தை விட்டுவிட்டு இதைத் தின்னும். இந்த யுக்தி 1824இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொன்னது. கப்பலின் செப்புத் தகட்டைக் காக்கச் சின்னத் துத்தநாகத் துண்டும் இரும்புத் துண்டும் போதும் என்று அவர் காட்டினார். செம்பு அரிக்காமல் தப்பியது. ஆனால் கரையாத செம்பில் நஞ்சு இல்லை என்று கண்ட சிப்பியும் பாசியும் அதன்மேல் குடியேறிக் கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. கடற்படை அந்த யோசனையைக் கைவிட்டது. பிற்காலத்தில் இரும்புக் கப்பல்களும் அலுமினிய மெஷின்களும் வந்தபோதுதான் டேவியின் கட்டி திரும்ப வந்தது. கட்டி கரைகிறதே என்று அதற்குப் பெயின்ட் அடித்துவிட்டால், அப்புறம் கரைவது மெஷின்.

இத்தனைக்கும் மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு நாளும் நன்னீரில் கழுவுவது. தொழிலால் வந்ததும் மெஷினைக் கழற்றித் தோளில் தூக்கி வந்து, தண்ணீர் நிரப்பிய பரலுக்குள் வாலை இறக்கிச் சில நிமிடம் மெதுவாக ஓடவிடுவார்கள். உப்பு நீர் வெளியேறி நன்னீர் சுற்றும். நிறுத்துவதற்கு முன் மண்ணெண்ணெய்க் குழாயை அடைத்துப் பெற்றோலில் சற்று ஓடவிட்டால் காபரேற்றரும் சுத்தமாகும். சொல்ல எளிது. ஆனால் நன்னீர் எங்கே?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீரையே கிணறுகள் தருகின்றன. கரையோரத்தில் அந்த நல்ல நீர் மெல்லிய படைதான். கொஞ்சம் கூட இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவரும். நெருக்கமாக வீடுகள் நிறைந்த குருநகரில் குடிதண்ணீருக்கே குழாயையும் பவுசரையும் எதிர்பார்க்கவேண்டியிருந்தது. குடத்தில் பிடித்த தண்ணீரைச் சமையலுக்கா, குளிப்புக்கா, மெஷினுக்கா என்று பங்கு போடும்போது மெஷினின் முறை கடைசியில்தான் வரும். அதே பரல் தண்ணீரை நாலைந்து நாள் மாற்றாமல் பாவிப்பதும் நடக்கும். அதற்குள் அது அரைக்கடலாகியிருக்கும். மெஷின் ஆயுள் குறைவதற்குத் தொழிலாளியின் சோம்பலைக் காரணம் சொல்கிறவர்கள் அந்த வீட்டுக் குடத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஐஸ் தொழிற்சாலைக்கும் இதே நோய். அமோனியா வாயுவை அழுத்தி, அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துத் திரவமாக்கித்தான் பெரிய ஐஸ்கட்டி செய்கிறார்கள். சூட்டை வாங்கும் தண்ணீர் சுண்ணாம்புக் கிணற்றிலிருந்து வந்தால் குழாய்களுக்குள் வெள்ளைப் பொருக்கு கட்டும், யாழ்ப்பாணத்துக் கேத்தில்களின் அடியில் கட்டும் அதே பொருக்கு. பொருக்கு தடித்தால் சூடு வெளியேறாது, அழுத்தம் ஏறும், மின்கட்டணமும் ஏறும், ஐஸ் மட்டும் குறையும். உல்லாசப் படகுகளிலும் கப்பல்களிலும் கடல்நீரில் குளிரும் ஏசிகளுக்குச் செய்யும் பராமரிப்பும் இதுவேதான்: நீர் எடுக்கும் வாயிலுள்ள வடியைக் கழுவுவது, பம்ப்பைப் பார்ப்பது, செம்பு நிக்கல் குழாய்ச் சுருளுக்குள் மென்மையான அமிலத்தைச் சுற்றவிட்டுப் பொருக்கைக் கரைப்பது, கடைசியில் படகின் ஓரத்தில் நீர் விசையாக விழுகிறதா என்று பார்ப்பது. குளிர்வது மனிதனா மீனா மெஷினா என்பது குழாய்க்குத் தெரியாது.

போர் இந்த ஒழுங்கு எல்லாவற்றையும் உடைத்தது. 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போயிருந்த குருநகர் மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது, மின்சாரம் நின்றது, ரயில் நின்றது. மயிலிட்டித் துறை மக்களுக்கு மூடப்பட்டது. 2017 ஜூலையில்தான் திரும்பத் திறந்தது. 1993 நவம்பர் 13 அன்று யாகப்பர் கோயில்மீது குண்டு விழுந்தது. ஐஸ் தொழிற்சாலைகள் ஓய, உப்பும் வெயிலும் பழைய பதவிக்குத் திரும்பின. பாயும் மரக்கோலும் பரணிலிருந்து இறங்கின.

மெஷின் அடியோடு ஓயவில்லை. தரைவழி அடைபட்டதால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற வழி கிளாலியில் பரவைக்கடலைக் கடப்பதுதான் என்றான ஆண்டுகள் அவை. இரவில், விளக்கில்லாமல், முன்னால் மெஷின் பூட்டிய ஒரு படகும் பின்னால் கயிற்றில் கோத்த படகுகளுமாகச் சனங்கள் போனார்கள். கடற்படை சுட்டதில் இறந்தவர்கள் பலர். தனிப் படகைத் தள்ளச் செய்த மெஷின், ஆட்கள் நிறைந்த பல படகுகளைச் சேற்றுத் தண்ணீரில் இழுத்தது. அப்படி இழுக்கும்போது துளையில் தண்ணீர் நின்றுவிட்டால் மெஷினை அணைத்து, அதன் வாலைத் தூக்கி, வாயை அடைத்த சாதாளையைக் கையால் பிடுங்கவேண்டும். தேடும் ஒளி எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாத இருட்டில் நடக்கிற வேலை அது. உதிரிப்பாகம் எதுவும் தடையைத் தாண்டி எளிதில் வராது. தேய்ந்த இம்பெல்லருக்குப் பதில் ரப்பரை வெட்டிப் பொருத்துவது, ஒரு மெஷினைப் பிரித்து இன்னொன்றை வாழவைப்பது, துளிப் பெற்றோலைச் சின்னப் போத்தலில் பொத்திவைத்து ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் விடுவது என்று பட்டறைக்காரர் சமாளித்தார்கள். அதே யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர் கார்களும் ஒஸ்டின் கார்களும் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. இரண்டு கூட்டத்து மெக்கானிக்குகளுக்கும் பாடம் ஒன்றே.

1995இல் இராணுவம் நகரைப் பிடித்த பிறகு மெஷினின் குதிரைவலுவுக்குக்கூட எல்லை வகுக்கப்பட்டது. அனுமதிச் சீட்டு, நேரக் கட்டுப்பாடு, எல்லைக் கட்டுப்பாடு என்று தொழில் சுருங்கிக் கிடந்தது. 2002 போர்நிறுத்தத்தில் சற்றுத் தளர்ந்தது, 2006இல் மீண்டும் இறுகியது, 2009க்குப் பின்னரே படிப்படியாக அவிழ்ந்தது. பின்னர் குருநகர் வலைத் தொழிற்சாலையும் மறுபடி ஓடத் தொடங்கியது.

இன்று குருநகர்த் துறையில் மூன்று தலைமுறைப் படகுகளை அருகருகே பார்க்கலாம். வத்தை என்ற மரப்படகும் அதன் மரக்கோலும் இன்னும் இருக்கின்றன. பைபர் படகும் வெளிமெஷினும் பெரும்பான்மை. கூடவே றோலர்கள் எனப்படும் உள்ளூர் இழுவைமடிப் படகுகள், உள்ளே டீசல் இயந்திரத்தோடு. 2017 ஜூலையில் நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. எல்லை தாண்டி வந்து மடி இழுக்கும் தமிழ்நாட்டுப் படகுகளை மனத்தில் வைத்துக் கொண்டாடப்பட்ட அந்தச் சட்டம் குருநகர் றோலர்களையும் சேர்த்தே தொட்டது என்பதை அப்போது அதிகம் பேர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சட்டத்தைவிட எரிபொருள் கடுமையாக அடித்தது. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே தாவலில் ஏறியது. அரை நூற்றாண்டு காலம் சிறுபடகின் மெஷினைத் தாங்கிய மலிவு எண்ணெய் அன்றோடு போய்விட்டது. வரிசையில் நின்றும் எண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையிலேயே கிடந்தன. ஓடாத மெஷினுக்கும் உப்பு விடுப்புத் தருவதில்லை. கழுவாமல் நிறுத்தி வைத்த மெஷின்கள், எண்ணெய் வந்த நாளில் கயிற்றுக்கு அசைய மறுத்தன.

சூட்டை அடக்கும் கதை இதோடு நிற்கவில்லை. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற குளிரூட்டிய பயணிகள் கப்பல் வந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் சிவகங்கை வந்தது. ஏசிக்குள் உட்கார்ந்து யாழ்ப்பாணக் கடலைப் பார்க்கும் வாய்ப்பு அதன்பிறகு டிக்கெட் வாங்கியவர் எவருக்கும் கிடைத்தது. அதே 2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கில், தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர் தரும் அளவு. யாழ்ப்பாண நகரத்தையும் சேர்த்த குழாய்த் திட்டம். குழாய்த் தண்ணீர் தட்டில்லாமல் வந்தால் பரலை நிரப்பக் குடத்தை எண்ண வேண்டியதில்லை. மெஷினை அரிக்கும் கடலே, மெஷினைக் கழுவும் நீராகவும் வரும். அந்த ஆலைக்குள்ளும் உப்பைப் பிரிக்கும் சவ்வுகளில் சுண்ணாம்பு படியத்தான் செய்யும். அவற்றையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை அமிலம் விட்டுக் கழுவவேண்டும்.